மின்நூல்காரனும் பொதுச் சூளையும்

நம்பிக்கையான மின்நூல் பதிப்பாளர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கேட்டவர் பயந்துவிடுவார். உங்கள் மேல் இல்லை ஐயா, இது பழைய சூடு, உட்காருங்கள் என்பேன். அப்புறம் இந்தக் கதையைச் சொல்லுவேன்.

அப்போது நான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பேக்கிங் வேலையில் இருந்தேன். பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கட்டை என்று எது வந்தாலும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். புத்தகத்தில் படித்ததைவிட பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்டதுதான் அதிகம். ஜனங்கள் பேச்சோடு பேச்சாக ஒரு சொல்லைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். நான் அதைப் பொறுக்கி எழுதி வைத்துக்கொள்வேன். பெண்ணாடம் பஸ்ஸில் ஒரு கரும்புக்காரர் சொன்னார்: "வெட்டுற வரைக்கும் கரும்பு என்னுது. லாரியில ஏறிட்டா ஆலையுது." கேட்டதும் ஆகா என்று எழுதிக்கொண்டேனே தவிர, அது எனக்கே சொன்னது என்று தோன்றவில்லை.

சொல்லை மட்டும் எழுதினால் போதாது என்பது என் கட்சி. யார் சொன்னார்கள், எந்த நேரத்தில், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி எழுதுவேன். பேர் போட மாட்டேன். "சூளைக்கு வண்டி தள்ளுகிற அண்ணன், மழை பிடித்த அன்று சொன்னது" என்று இருக்கும். இந்தப் பழக்கம் எங்கள் தொழிலிலிருந்து வந்தது. பேட்டையில் சின்னப் பட்டறைகளுக்குத் தனிச் சூளை கிடையாது, பொதுச் சூளையில் கொடுத்துத்தான் சுட வேண்டும். பத்துப் பட்டறைச் சரக்கும் ஒரே வண்டியில் ஏறி உள்ளே போகும். அதனால் களிமண் பச்சையாக இருக்கும்போதே அடியில் ஒரு கீறல் போட்டுவிடுவோம். எங்கள் பட்டறைக்கு இரண்டு கோடு, ஒரு புள்ளி. வெந்து வெளியே வந்ததும் கவிழ்த்துப் பார்த்து அவரவர் சரக்கை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள். வாய்த்தகராறு ஆயிரம் நடக்கும், ஆனால் அடுத்தவன் கீறல் போட்ட சாமானை எவனும் தொட்டதில்லை. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு, கீறிக் கொடுத்த பொருள் திரும்பி வராது என்று நான் எப்படி நினைப்பேன்?

மின்நூல் போடுகிறவன் என்று ஒரு ஆள் எங்கள் ஊர் நூலகக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தான். இனிமேல் காகிதம் வேண்டாம், கரையான் பயம் வேண்டாம், விருத்தாசலத்தில் எழுதியதை சவுதியில் அந்த நிமிஷமே படிக்கலாம் என்றான். எழுதுகிறவரிடம் காசு வாங்குவதில்லை என்றும் சொல்லி, எல்லோருக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தான். காசு கேட்காதவன் நல்லவன் என்று நான் முடிவு கட்டினேன். எலிக்கு வைக்கிற வடைக்கு எலியிடம் யார் காசு கேட்கிறார்கள்?

சவுதி என்றதும் என் மனம் போனது பக்கத்து வீட்டுக்கு. அந்த வீட்டுப் பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா அக்கா என்று என் அடுப்பங்கரையிலேயே கிடப்பாள். அவள் வீட்டுக்காரர் சவுதியில் டிரைவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஒரு நாள் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் அவர் சாமான் கொடுத்து அனுப்பியிருந்தார். அதிலிருந்த சென்ட் பாட்டிலை என்னிடம் கொண்டுவந்து காட்டி, மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு அவள் சொன்னாள்: "சென்ட்டு வருதுக்கா. அவரு வேர்வை வாசம்தான் வரமாட்டேங்குது."

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். இதை எழுதிக்கட்டுமா என்று கேட்டேன். வெட்கப்பட்டாள், அப்புறம் யோசித்தாள். அவர் ரூமில் ஒரு பையனிடம் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். போனில் இதையெல்லாம் சொல்ல வாய் வராது, மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நீங்க போடுங்கக்கா. நான் சொன்னேன்னு அடியில எழுதுங்க. படிச்சா அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

இதுவும் சேர்ந்ததுதான் நான் கொடுத்த சரக்கு. பிரவுசிங் சென்டரில் தட்டச்சுச் செய்து, எல்லாவற்றையும் அந்த ஆளுக்கு அனுப்பினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் கேட்ட இடத்தில் சம்மதம் என்று எழுதி அனுப்பினேன்.

நாள் போனது. புத்தகம் தயாராகிறது, தயாராகிறது என்றே பதில் வந்தது. ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வந்தாள். எப்போதும் குரல் முன்னே வரும், ஆள் பின்னே வருவாள். அன்று குரல் வரவில்லை. போனை நீட்டினாள். ஆங்கில எழுத்தில் தமிழாக வந்த ஒரு மெசேஜ். அந்தக் காலத்துப் போனில் அப்படித்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படித்தேன். தினம் ஒரு கடி ஜோக் என்று மேலே இருந்தது. கீழே, மனைவி வெளிநாட்டுக் கணவனுக்குச் சொல்கிறாளாம்: மாமா, மாசாமாசம் சென்ட் அனுப்பு, அது போதும், வேர்வை நாத்தத்தோட நீ வந்துடாதே. யாரோ அவருக்கு அனுப்பியதை இவளுக்கு அனுப்பியிருந்தவர் அவள் வீட்டுக்காரர். "நம்ம வூட்டுக் கதை மாதிரியே இருக்குது பாரு" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

"அக்கா, இது என் பேச்சுதானே?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "வேணும்னு சொன்னதை வேணாம்னு சொன்னதா ஆக்கியிருக்காங்க. அவரு சிரிச்சிக்கிட்டுத்தான் அனுப்பியிருக்காரு. ஆனா மனசுல ஒரு மூலையில தங்கிடாதாக்கா? உங்க அடுப்பங்கரையில சொன்னது சவுதி போயி, அவரு வழியா எனக்கே வந்திருக்குது. நீங்க யாருகிட்டக்கா குடுத்தீங்க?"

யாரிடம் கொடுத்தேன்? அவன் சட்டை எப்படி இருந்தது என்று தெரியும், குரல் தெரியும். அதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

அந்த ஆளைப் போனில் பிடித்தேன். புத்தகமாகப் போட்டால் நிறையப் பேர் படிக்க மாட்டார்கள், அதனால் முதலில் துண்டு துண்டாக, போனுக்கு தினம் ஜோக் அனுப்புகிற மெசேஜ் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறோம், இது உங்களுக்கு நல்ல விளம்பரம் என்றான். என் பேரே அதில் இல்லையே, எனக்கு என்ன விளம்பரம்? சொன்னவர்கள் விவரம் எங்கே என்றேன். அதெல்லாம் நீளம் அம்மா, வெட்டிவிட்டோம் என்றான், கறிவேப்பிலையை எடுத்துப் போட்டதைப் போல.

சென்னைக்குப் போய் நேரில் கேட்பது என்று முடிவு செய்தேன். அவளும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றதற்கு, "சொன்னவ வரவேணாமா? நீங்க எழுதுனவங்கதானே" என்றாள். ரயிலில் போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. வாசலில் நாற்காலியில் ஒரு பெரியவர் காத்திருந்தார். பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தேன். அந்தக் கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸில், இப்படி ஒரு பதிப்பாளர் கிடைப்பது பாக்கியம் என்று போட்டோவோடு எழுதியிருந்தவர் அவர்தான். ரிட்டயர்டு வாத்தியார். வணக்கம் சொல்லி, உங்கள் வார்த்தையை நம்பித்தானே கொடுத்தேன் என்றேன். மனுஷன் சுருங்கிப் போனார்.

"அது என் புஸ்தகம் வர்றதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்ததும்மா" என்றார். "கண்டபடி வெட்டித்தான் வந்துச்சு, எடுத்துடுங்கன்னு கேட்டு நடையா நடக்குறேன். எடுக்கவும் மாட்டேங்குறான், நான் பாராட்டினதை அழிக்கவும் மாட்டேங்குறான்."

எனக்கு ஏறிய கோபத்தில் அந்த மாடிப்படி ஆடியிருக்கும். உள்ளே போனோம். அந்த ஆள் எழுந்து வரவேற்று டீ சொன்னான். பழமொழி என்பது ஊர்ச் சொத்து, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, நீங்களும் எல்லா வடிவத்துக்கும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றான். நான் பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, ஊர் சொல்லவில்லை, இவள் சொன்னாள் என்றேன். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவங்கதான் சொன்னாங்கன்னு என்னம்மா ஆதாரம்?"

அடியில் இருந்த கீறலைச் சுரண்டி எடுத்தவன், கீறல் எங்கே என்று கேட்கிறான். அவள்தான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"எந்த எடத்துல நீங்க திருப்பிப் போட்டீங்கன்னு நான் சொல்றேன் சார். நாத்தம்னு நான் சொல்லல, வாசம்னு சொன்னேன். நீங்க சொல்லுங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல என்னா இருக்குது?"

டீ வந்தது, யாரும் தொடவில்லை. மெசேஜ் கம்பெனிக்குக் கொடுப்பதை எல்லாம் நிறுத்துகிறேன், உங்கள் நூலையும் விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்று உட்கார்ந்துகொண்டோம். வாத்தியாரும் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தார். மூன்று பேர் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. எழுதிக் கொடுத்தான். ஆனால் போன மெசேஜ் போனதுதான். வெந்த சாமான் மறுபடி களிமண் ஆகாது.

திரும்பி வரும்போது, திண்டிவனம் தாண்டிய பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க்கா, உங்க நாத்தனார் மவளுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ அந்த ஊரு டீக்கடை வரைக்கும் போயி விசாரிச்சீங்களே. மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளை வூட்டுலயா கேப்பாங்க? இதுக்கு மட்டும் அவன் குடுத்த நோட்டீஸையே பாத்துக் குடுத்துட்டீங்களே."

அடி வாங்கினது போல இருந்தது. ஆனால் என்னோடு மறுபடி பேசுகிறாளே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த பதிப்பாளரை அவள் சொன்னபடிதான் தேடினேன். உங்களிடம் புத்தகம் போட்டவர்களை எனக்குக் காட்ட வேண்டாம், உங்களிடமிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர் யாரென்று சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒருவர், இது என்ன கேள்வி என்று போனை வைத்துவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. இன்னொருவர் அப்படி யாருமே போனதில்லை என்றார். யாருமே போகாத வீட்டுக் கதவு திறக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மூன்றாவது ஆள் ஒருவர் விவரம் கொடுத்தார். அவரிடம் பேசினேன். பாவம், அவருக்கு அந்தப் பதிப்பாளர் மேல் ஏகப்பட்ட குறை. புத்தகம் விற்கவில்லை, அட்டை நன்றாக இல்லை, போன் எடுப்பதில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "ஆனா எடுத்துடுங்கன்னு சொன்ன அன்னைக்கே எடுத்துட்டாருங்க, அதைச் சொல்லணும்" என்றார். திட்டுகிறவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு நல்ல வார்த்தை, நோட்டீஸில் வரும் நூறு பாராட்டுக்கு மேல்.

அப்போதும் முழுச் சரக்கையும் கொடுக்கவில்லை. புதுக் கலவை மண் வந்தால் முதலில் ஒரே ஒரு கிண்ணத்தைச் சூளைக்கு அனுப்பிப் பார்ப்போம். அப்படிக் கொஞ்சத்தை மட்டும் அனுப்பி, என்ன ஆகித் திரும்பி வருகிறது என்று பார்த்தேன். அடியில் எழுதிய வரிகளில் கை வைக்காமல் வந்தது. ஓர் இடத்தில் மட்டும், இந்தச் சொல் எங்களுக்குப் புரியவில்லை, மாற்றலாமா அல்லது இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தார். கேட்டாரே! இதைத்தானே ஐயா மனுஷத்தனம் என்கிறோம். என்னைக் கேட்காமல் வேறு எந்த உருவத்திலும் கொடுக்கக் கூடாது என்றேன், அதையும் எழுத்தில் கொடுத்தார்.

ஆனால் அவள் சொன்னதை அதில் சேர்க்கவில்லை. அவளிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தை முடிக்கும் சமயத்தில் அவளே அடுப்பங்கரைக்கு வந்தாள். குரல் முன்னே வந்தது.

மாமியார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது அவருக்குப் போன் போட்டாளாம். அந்த ஜோக்கு என்னுது, நான் சொன்னது இப்படி, அவன் திருப்பினது அப்படி என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கார்டில் காசு தீர்ந்துவிட்டதோ என்று பயந்துவிட்டாளாம்.

"அப்புறம் என்ன சொன்னாரு?" என்றேன்.

"வேர்வை இங்க வெயில்லயே காஞ்சிடுதுடி, அதான் சென்ட்டு அனுப்புறேன்னாருக்கா." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் சொன்னதுக்குக் கீழ இதையும் போடுங்க. ஆனா அவரு சொன்னதுன்னு தனியா எழுதுங்க. அப்புறம் இதையும் நான் சொன்னதா எவனாவது ஆக்கிடுவான்."

போட்டேன். அவள் வரி, அதன் அடியில் அவள் கீறல். அவர் வரி, அதன் அடியில் அவர் கீறல். அது அப்படியே இன்னும் இருக்கிறது.

அந்த ஜோக்கும் இன்னும் இருக்கிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எனக்கே அனுப்புகிறார்கள், சிரிக்கச் சொல்லி. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இது ஜோக் இல்லை, இதைச் சொன்னவள் என் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், அவள் சொன்னது இது என்று முழுதாக எழுதி அனுப்புகிறேன். அந்த மெசேஜ் எத்தனை பேரிடம் போயிருக்கும், நான் ஒருத்தி எத்தனை பேருக்கு எழுதுவேன்? தெரியாது. இன்று காலையும் ஒருவர் அனுப்பினார். இதோ, அவருக்கு எழுதப் போகிறேன்.