எஸ்தர் திரும்பப் பெற்ற கட்டுரை

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் கண்காணிப்புப் பணியில் இருந்தேன். அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் அவளுடைய தங்கை ரூத், துறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் உதவியாளர் அன்வர் பாய் கதவருகே வந்து நின்றார். தலையைத் தாழ்த்திக்கொண்டார். மாற்று ஆள் வரும்வரை நான் அறையைவிட்டு நகர முடியாது. கூடுதல் தாள் கேட்ட பெண்களுக்குத் தாள் கொடுத்தேன். முடித்தவர்களின் தாள்களை நூல் கட்டி வாங்கினேன். ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தன் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

எங்கள் கல்லூரியில் அவள் எல்லோருக்கும் எஸ்தர் மேடம். எனக்கு வெறும் எஸ்தர். அவளோடு வேலை பார்த்தவர்களும் அவளிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தும் 'அவள்' என்றே எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ போல் இருந்தது.

நாங்கள் ஒரே ஆண்டில் கணிதத் துறையில் சேர்ந்தோம். அவள் ஆம்பூரில் பேருந்து ஏறுவாள், நான் பள்ளிகொண்டாவில். பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். வேலூர் போய்ச் சேரும்வரை கிடைக்கும் அந்த நேரம்தான் எங்கள் ஆராய்ச்சி நேரம். வீட்டில் எனக்கு மாமியார், இரண்டு பிள்ளைகள். அவளுக்கு ரூத்தின் குடும்பம். கல்லூரியிலோ வகுப்பு முடிந்தால் கூட்டம், கூட்டம் முடிந்தால் அறிக்கை. பேருந்தில் மட்டும் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

எங்கள் துறை சாராதவர்களுக்காக, அவள் வாழ்நாள் முழுக்க என்ன செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படத்தை நாங்கள் கிராஃப் என்போம். ஊர்களும் சாலைகளும் அப்படி ஒரு படம். ரூத் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் தையல் பிரிவும் அப்படித்தான்: ஒவ்வொரு மேசையும் ஒரு புள்ளி, ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்குத் துண்டுத் தோல் போகும் வழி ஒரு கோடு. புது மாடல் வந்தால் அந்த வழிகள் மாறும். "இந்தக் கோட்டை அழி, அந்தக் கோட்டைப் போடு" என்பது ஒரு விதி. இப்படிப் பல விதிகளை அடுத்தடுத்துச் செயல்படுத்தினால் படம் என்னவாகும்? முதலில் செய்ததைப் பின்னாலும் பின்னால் செய்வதை முதலிலும் செய்தால் அதே படம் கிடைக்குமா? ஒவ்வொரு முறையும் வரைந்து பார்க்காமல் முன்கூட்டியே சொல்ல முடியுமா? எஸ்தர் அந்தப் படங்களை அணிகளாக, அதாவது ஒன்றும் சைபரும் நிறைந்த கட்டங்களாக, எழுதினாள். ஒரு விதிக்கு இரண்டு அணிகள்: அழிப்பதற்கு ஒன்று, சேர்ப்பதற்கு ஒன்று. அவற்றைப் பெருக்கியும் கூட்டியும் விடை காணப் பார்த்தாள். உலகில் சிலர் இந்த வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். நமது பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்து நாங்கள் இருவர்தான்.

அவளுடைய அப்பா தோல் தொழிற்சாலையில் ஊறல் தொட்டிகளில் வேலை செய்தவர். வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் அவளைப் பேச அழைத்தவர், தோல் தொழிலாளியின் மகள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நீளமாக உருகிவிட்டார். எஸ்தர் மேடையேறி, அப்பாவைப் பற்றிப் பேச வேண்டுமானால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள், அவருக்கு ஒரு மணி நேரம் போதாது, இப்போது தேற்றத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றாள். அறையில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் சொன்னாள்: "எங்கப்பா கையில அடிச்ச வாடைய யாராவது அழகா பேசுனா எனக்கு எரிச்சல் வருது வசந்தி. அது ஒண்ணும் அழகு இல்ல. அது அவரு வேலை."

இப்போது அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு நாங்கள் ஒரு தேற்றத்தை நிறுவினோம். இரண்டு விதிகளின் அணிகளைக் குறிப்பிட்ட விதத்தில் பெருக்கி விடை சைபர் வந்தால், அந்த இரண்டு விதிகளையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்யலாம். சுருக்கமானது, அழகானது. நல்ல ஆய்விதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு என் பதவி உயர்வு நேர்காணல் வரவிருந்தது. அதற்கு அந்தக் கட்டுரை வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டேன். என் கணவர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை பேருந்தில் ஏறினேன். எஸ்தர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுங்கச்சாவடி தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள். வகுப்புக்காக ரூத்தின் தையல் பிரிவை வைத்து ஒரு சின்ன எடுத்துக்காட்டு எழுதினாளாம். ஒரு விதி, ஒரு மேசையை அப்படியே எடுத்துவிடுகிறது. இன்னொரு விதி, அதே மேசைக்குப் புதிதாக ஒரு கோடு போடுகிறது. எங்கள் கணக்குப்படி பெருக்கினால் சைபர் வருகிறது. ஆகவே வரிசையை மாற்றலாம். ஆனால் மேசையை முதலில் எடுத்துவிட்டால் கோட்டை எங்கே போடுவது? கோட்டை முதலில் போட்டு மேசையைப் பிறகு எடுத்தால் அந்தக் கோடு ஒரு முனை இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. நாங்கள் கோடுகளுக்கு மட்டும் அணி எழுதியிருந்தோம். புள்ளியே இல்லாமல் போகலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

"தேற்றம் தப்பு வசந்தி," என்றாள்.

நான் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இவ்வளவு எளிதான ஒன்று இத்தனை நாள் இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை.

கல்லூரியில் துறைத் தலைவரிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர். எங்கள் மேல் அக்கறை உள்ளவர். முதலில் அச்சாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இதைப் படிக்கப்போகிறவர்கள் பத்துப் பேர், அதில் உள்ளே போய்ப் பார்ப்பவர் யாருமில்லை என்றார். எஸ்தர் அதற்கான பதிலை மாலை பேருந்தில் என்னிடம்தான் சொன்னாள்.

"ஒன் பேரும் அதுல இருக்குது. நீ வேணாம்னு சொன்னா நான் எழுத மாட்டேன். ஆனா யாரோ ஒரு பொண்ணு, எங்கியோ ஒக்காந்து, இத நம்பி மேல கட்டுவா. மூணு வருஷம் கழிச்சி இடிஞ்சி வுழும். ஏன்னு அவளுக்குத் தெரியாது. தன்னையே திட்டிக்குவா."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாலாற்று மணலில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். என் நிறுத்தம் வந்தது. எழுந்து, "எழுது," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அன்று இரவே அவள் எழுதிவிட்டாள். நேர்காணல் வந்தது, போனது. என் பெயர் பட்டியலில் இல்லை. என்னைவிட இளையவர் ஒருவர் உயர்ந்தார். அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்தும் மனம் ஆறவில்லை. அந்த நாட்களில் நான் பேருந்தின் முன்பக்கம் ஏறி, பெண்கள் இருக்கையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் பின்னால் இருப்பாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டேன். துறையில் தேவைக்குப் பேசினோம். அவளும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் பேருந்தில் அவ்வளவு கூட்டம். நெருக்கித் தள்ளப்பட்டுப் பின்னால் போய்விட்டேன். அங்கே நடத்துநர் எஸ்தரிடம் கத்திக்கொண்டிருந்தார். இந்தம்மா தினமும் பையை வைத்து ஒரு சீட்டை அடைத்துவிடுகிறார், கேட்டால் பள்ளிகொண்டாவில் ஆள் வரும் என்கிறார், பள்ளிகொண்டா தாண்டியும் யாரும் வந்து உட்காருவதில்லை, அப்புறம்தான் எடுக்கிறார் என்று பயணிகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். பையை எடுத்தாள்.

"வந்துட்டாங்க," என்றாள் நடத்துநரிடம்.

உட்கார்ந்தேன். வேலூரில் இறங்குவதற்கு முன் அவள், புள்ளிகளுக்கென்று தனியாக ஒரு வரிசை எழுதி அணியோடு சேர்த்துப் பார்த்தால் என்ன என்று கேட்டாள். பாதி வழிதான் போயிருக்கிறேன், மீதி எனக்கு வரவில்லை என்றாள். நான் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மீதிக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு படியிலும் அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: "மொதல்ல ஒடைக்கப் பாரு." நான் ஒன்றை நிறுவிக் கொண்டுபோனால் பாராட்ட மாட்டாள். எந்தச் சின்னப் படத்தை வைத்தால் இது உடையும் என்று தேடுவாள். தேடித் தேடி உடையவில்லை என்றால்தான் முகம் மலரும். இம்முறை தேற்றம் முன்பைவிட நீளமாக இருந்தது, அழகு குறைவு. ஆனால் நின்றது. அது அச்சானபோது எனக்குப் பதவி உயர்வும் வந்தது. ஆம்பூரில் அவள் வீட்டில் ரூத் பிரியாணி செய்தாள். இத்தனை நாள் பேருந்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று ரூத்தின் கணவர் கேட்டார். சண்டை போட்டோம் என்றாள் எஸ்தர்.

நோய் தெரிந்தபோது அது பரவியிருந்தது. வலியைப் பல மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். என்னிடமும். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட ஆள் இல்லை. வேலூரில் சிகிச்சை தொடங்கியது. முடி கொட்டிய பிறகு தலையில் துணி கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். மாணவிகள் அமைதியாகிவிட்டார்கள், ஒருத்தி அழும் சத்தம் கேட்டது. எஸ்தரின் குரலும் கேட்டது. "முடிதான் போச்சு. கணக்கு போகல. நோட்ட தொறங்க."

கடைசியாக நாங்கள் பேசியபோது கணக்குப் பேசவில்லை. புதிதாக ஒரு கேள்வியைத் தயாரித்துக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனேன். அவள் இருந்த நிலையைப் பார்த்ததும் கேட்கவில்லை. கை எலும்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. அவள் கேள்வியை எப்போதும்போல் ஒழுங்காக எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்குது. ஆனா எப்பவும் இல்ல. காலைல ஜாஸ்தி, ரூத்து வந்துட்டா கம்மி." பிறகு, "நீ சாப்ட்டியா? இங்க இட்லி நல்லா இருக்காது. வெளிய போய் சாப்டு," என்றாள்.

சாப்பிட்டு வருவதற்குள் தூங்கியிருந்தாள். எழுப்பாமல் வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். சபையார் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரூத் என்னைப் போகவிடவில்லை. சமையலறைத் தரையில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் கேட்டாள்: "வசந்திக்கா, எங்கக்கா இத்தினி வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தா? வர்றவங்க எல்லாம் பெரிய வேலைன்றாங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

நான் தரையில் விரலால் புள்ளி வைத்தேன். அவளுடைய மேசை, அடுத்த மேசை, துண்டு போகும் வழி. முதலில் எழுதியது எப்படித் தப்பாயிற்று, பிறகு எப்படிச் சரியாயிற்று எல்லாம் சொன்னேன். ஒரு மேசையை எடுத்தால் என்ன ஆகும் என்ற இடத்தில் நிறுத்தினேன். ரூத் காத்திருந்தாள். பிறகு தொடர்ந்து முடித்தேன்.

அவள் நான் புள்ளி வைத்த இடத்தைக் கையால் தடவினாள். "இதெல்லாம் சொல்லுவா. நான்தான் வேல முடிஞ்சி வந்த அலுப்புல தூங்கிடுவேன்," என்றாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்று முழுவதும் அழாதவள், அப்போதுதான் அழுதாள்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். அவள் தன் தாள்களையெல்லாம் தன் ஆய்வு மாணவிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாள், அதுதான் முறை. எனக்கு இருப்பது எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து அச்சான அந்த ஒரு கட்டுரை. இதுவரை அதை யாரும் உடைக்கவில்லை. என்றாவது யாராவது உடைத்தால், அன்று இரவே உட்கார்ந்து இருவர் சார்பிலும் எழுத வேண்டியது நான். எழுதுவேன், எஸ்தர்.