போனுக்குள் இருந்த உப்பு

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் சர்ச்சில் பூசை முடிந்து வந்து வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம். நான் மட்டும் குசினி மேசையில் ஒரு செத்துப்போன செல்போனை வைத்துக்கொண்டு, அழுவதா, சுவரில் விட்டெறிவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு ஏழு மாதம்.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அப்போது அவர் இருந்த கப்பலில் இன்டர்நெட் பேருக்குத்தான். வாய்ஸ் மெசேஜ் மட்டும் நொண்டி நொண்டி எப்படியாவது வந்து சேரும். பேச வேண்டுமென்றால் கப்பலில் இருக்கிற சாட்டிலைட் போனில் கார்டு போட்டுத்தான் பேச வேண்டும். அதற்கு வரிசை உண்டு. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவார். நாம் எடுக்கவில்லையென்றால் அடுத்த ஆள் வந்து நிற்பான், அவ்வளவுதான்.

அந்த வாரம் புதன்கிழமை அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. கம்பெனியில் இன்னும் நாலு மாதம் கப்பலிலேயே இருக்கச் சொல்கிறார்கள். முடியாது என்றால் அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்கு வந்துவிடலாம். "ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்குக் கூப்பிடுதேன். நீ சொல்லுததுதான். அன்னைக்கே கேப்டன்கிட்ட பதில் சொல்லியாகணும்" என்று சொல்லியிருந்தார்.

நாலு மாதம் என்றால் பிள்ளை பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கிற காலத்தில்தான் வந்து சேருவார். எனக்கு அது வேண்டாம். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதன்கிழமையிலிருந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இந்தப் போன் சனியன் பிடித்த மாதிரி மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் தொடக்கம். சார்ஜ் போட்டால் மின்னல் அடையாளம் வரும், போகும், மறுபடி வரும். ஒயரை மாற்றினேன். சுவரில் வேறு பிளக்கில் சொருகினேன். பக்கத்து வீட்டு அக்காவின் சார்ஜரை வாங்கி வந்து போட்டேன். ஒயரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஏறுகிறது என்று கண்டுபிடித்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்து, மேலே சின்னக் கல்லுரலின் குழவியைப் பாரம் வைத்தேன். ராத்திரி முழுக்க அப்படி வைத்தும் காலையில் பார்த்தால் பன்னிரண்டு சதவீதம். போனை ஆஃப் பண்ணிப் போட்டேன். பல்குச்சியால் ஓட்டைக்குள் குடைந்தேன். ஊதி ஊதி எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"எல்லாம் உங்க ஊரு உப்புக் காத்து மாமி" என்று என் மாமியாரிடம் எரிந்து விழுந்தேன். நான் ஆத்தூர்க்காரி. வெற்றிலைக் கொடிக்காலும் ஆற்றுத் தண்ணியுமாக வளர்ந்தவள். இந்த ஊரில் கம்மல் கறுத்தாலும் கதவுக் கீல் துருப்பிடித்தாலும் நான் கடலைத்தான் திட்டுவேன். மாமியும் சும்மா விடமாட்டார். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு என்னவோ, "ஆமா, காத்துதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொல்லப்போனால் வியாழக்கிழமையிலிருந்தே வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. கேட்காமலே காப்பி வந்தது. சீலா மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வறுத்து என் தட்டில் வைத்தார். கால் வீங்கியிருக்கிறது என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஏழு மாதமாகிவிட்டதே, அதனால் கவனிக்கிறார் என்று நானும் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் மொத்தமாக அணைந்தது. அமுக்கினால் அசைவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்ததிலேயே மணி மூன்று ஆகப்போகிறது. மாமியின் நம்பருக்காவது அவர் கூப்பிடுவாரே என்றால், மாமியிடம் இருக்கிற பட்டன் போனுக்கு ரீசார்ஜ் போடாமல் எப்போதோ இன்கமிங்கும் நின்றுபோனது. மணி பார்க்கவும், கரண்ட் போனால் டார்ச் அடிக்கவும்தான் அதை வைத்திருந்தார்.

ஆட்டோ பிடித்தேன். "வயித்துப் பிள்ளக்காரிய தனியா விடுவேனா" என்று மாமியும் ஏறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கடைகளெல்லாம் பூட்டு. மில்லர்புரம் வரை போய், பாதி ஷட்டர் இறக்கியிருந்த ஒரு ரிப்பேர் கடையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. உள்ளே ஒருவர் பார்சல் பிரியாணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "எக்கா, இன்னைக்கு லீவு" என்று சொல்ல ஆரம்பித்தவர், என் முகத்தையும் வயிற்றையும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மூடி வைத்தார்.

அவருடைய ஒயரைப் போட்டுப் பார்த்தார், அசையவில்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்து, பூதக்கண்ணாடி வைத்து சார்ஜ் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். போனைக் கழற்றினார். கழற்றிவிட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எக்கா, இதக் கடல்ல போட்டியளா?"

"கடலா? நான் கடக்கரைக்கே போறதில்ல!"

"அப்ப உள்ள எப்படி இவ்வளவு உப்பு? பாருங்க, கட்டி கட்டியா நிக்கி. பின்னெல்லாம் பச்ச பூத்துட்டு."

கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். குட்டிக் குட்டியாய்க் கல் உப்பு. ஊறுகாய் ஜாடி மாதிரி இருந்தது. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். போன வாரம் வந்துபோன சொந்தக்காரப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாகத் திட்ட ஆரம்பித்தேன். பின்னால் நின்ற மாமி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"எய்யா தம்பி... உப்பு தண்ணிய இழுக்கும்லா?"

கடைக்காரர் தலையைத் தூக்கினார். நான் திரும்பினேன்.

"இல்ல, மீன்ல இருக்க அம்புட்டுத் தண்ணியையும் உப்பு இழுத்துருதே. போனுக்குள்ள இருக்கது ஒரு சொட்டுத் தண்ணி. அத இழுக்காதா?"

அவ்வளவுதான், கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எக்கா, ஒங்க மாமியாரு போனக் கருவாடு போட்டுட்டாவ!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த மாமி எழுந்து வந்து என் போனை எடுத்திருக்கிறார். ஈரக் கை. போன் வழுக்கி மீன் சட்டிக்குள் விழுந்திருக்கிறது. பயந்துபோய், கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பு ஜாடிக்குள் அதைப் புதைத்து, நான் எழுந்திருப்பதற்குள் துடைத்து எடுத்த இடத்தில் வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்த சீலா மீன் நடுத்துண்டுக்கும் வெந்நீருக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"ஒங்களுக்கு எதுக்கு மாமி என் போனு?" என்று கத்தியேவிட்டேன்.

மாமி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, "அவன் கொரலக் கேக்கலாம்னு எடுத்தேன்" என்றார். "போனத் தொறக்க நீ இழுக்குத கோடு எனக்குத் தெரியும்லா. அந்த முக்கோணத்த அமுக்குனா பேசுவான்னும் தெரியும். அமுக்குனேன். 'ஏளா வெத்த'ன்னான். அதுக்குள்ள வழுக்கிட்டு."

வரும் மெசேஜையெல்லாம் நான் அறைக்குள் போய் இயர்போன் மாட்டித்தான் கேட்பேன். மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. நடுநடுவே எனக்கென்று அவர் சொல்கிற ஒன்றிரண்டு வார்த்தை இருக்கும், மாமியார் முன்னால் போடக் கூச்சம். வெளியே வந்து "நல்லா இருக்காகளாம் மாமி, ஒங்கள விசாரிச்சாக" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். பெற்ற பிள்ளையின் குரலுக்கு அந்த ஒரு வரி போதுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்காரர் பிரஷ்ஷும் மருந்தும் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். நடக்கவில்லை. "சார்ஜ் போர்டே மாத்தணும்க்கா. நாளைக்குத்தான் பொருள் கிடைக்கும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மணி நாலேகால்.

மாமி சுருக்குப் பையைத் திறந்து பட்டன் போனை எடுத்து நீட்டினார். "எய்யா, அவ சிம்ம இதுக்குள்ள போட முடியுமா பாரு."

இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! என் சிம் பொடியாக இருந்தது, அந்தப் போனின் பள்ளம் பெரிது. அவர் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் சிம்மைப் பொருத்தி உள்ளே தள்ளினார். டவர் வந்தது. தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு விஷயம்க்கா. இதுல காதுல கேக்குத ஸ்பீக்கரு அவுட்டு. லவுட்ல போட்டாத்தான் கேக்கும்" என்றார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

நேரம் இல்லை. ரெண்டாங்கேட்டில் ரயிலுக்காகக் கேட் போட்டுவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். பைக்குகள் எங்கள் ஆட்டோவை உரசிக்கொண்டு நின்றன. அங்கே வைத்துத்தான் போன் அடித்தது. அஞ்சுகூட ஆகவில்லை, முன்னால் நின்றவர் சீக்கிரம் பேசி முடித்துவிட்டார் போல. எடுத்து அமுக்கினேன்.

"ஏளா, என் ஆத்தூரு வெத்தலையே! எப்படி இருக்க?"

ஊருக்கே கேட்டது. பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஆட்டோக்காரர் தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. மாமி ரொம்ப அக்கறையாக ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நல்லா இருக்கேன்" என்றேன்.

"சொல்லு. என்ன செய்யட்டும்? இருக்கவா, வரவா?"

புதன்கிழமையிலிருந்து பழகி வைத்த அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட, நான் கூப்பிட்டு அவர் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். "ஒங்க இஷ்டம்தான். இங்க ஒண்ணும் பிரச்சின இல்ல. மாமி நல்லாப் பாத்துக்கிடுதாக" என்று சொல்லிவிட்டேன்.

கடலைத் தாண்டி வருகிற குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். வந்தது. "அப்ப இருந்துரட்டா?"

மாமி என் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏலே, நான் ஒங்கம்மா பேசுதேன். ஒண்ணும் இருக்க வேண்டாம். வந்து சேரு."

"அம்மாவா? நீ எங்கம்மா..."

"நான் இங்கனதான் இருக்கேன். சொல்லுததக் கேளு. நீ பொறந்தப்ப ஒங்கப்பா சரக்குத் தோணியில போயிருந்தாவ. நீ எந்திரிச்சு நடக்கையிலதான் வந்தாவ. யாரோன்னு நெனச்சு, பக்கத்துல போகாம என் காலக் கட்டிக்கிட்டு அழுத. அந்த மனுசன் வாசல்ல அப்படியே நின்னாவ. இவ நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. ஒங்கப்பா கடுதாசியில கேக்கும்போதெல்லாம் நானும் அப்படித்தான் சொன்னேன். நம்பாத. புறப்பட்டு வாய்யா."

லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். ஆட்டோக்காரர் இப்போது சிரிக்கவில்லை. ரயில் தடதடவென்று போய் முடிந்தது.

"சரிம்மா" என்றது போன். "வாரேன்."

கேட் திறந்தது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. எங்கள் ஆட்டோ மட்டும் நகரவில்லை. ஆட்டோக்காரர் திரும்பி, "வாராகளாம்மா?" என்று கேட்டார். "வாரானாம்" என்று மாமி சொன்ன பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். நான் மாமியின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். மாமியிடம் சாளை மீன் வாசம் அடித்தது. அன்றைக்கு எனக்கு அது குமட்டவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும், "ஏளா வெத்தல, கண்ணத் தொடச்சுக்கோ" என்றார் மாமி. அன்று ஆரம்பித்தது, இன்றுவரை வீட்டில் எனக்கு அதுதான் பேர்.

அவர் வந்தார். எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தது அவரும் மாமியும்தான். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து மாமியிடம் நீட்டியபோது, "அவன்கிட்ட முதல்ல குடும்மா" என்று மாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். அந்தப் போனுக்கும் போர்டு மாற்றினோம். இப்போது மகள் அதில்தான் பாட்டுக் கேட்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் நாங்கள் பார்க்காதபோது அதைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போட்டிருந்தாள். குடும்பத் தொழில் என்று விட்டுவிட்டோம்.

என் வீட்டுக்காரர் இப்போது மறுபடியும் கப்பலில் இருக்கிறார். இந்தக் கப்பலில் நெட் நன்றாக வருகிறது, வீடியோவில் முகம் பார்த்தே பேசுகிறோம். இயர்போனை நான் எடுப்பதில்லை. குசினி மேசையில் அந்த உப்பு ஜாடியின் மேல் போனைச் சாய்த்து வைத்து, மூன்று பேரும் எதிரே உட்கார்ந்துகொள்வோம். அவர் "எப்படி இருக்க?" என்பார். பழக்க தோஷத்தில் நானும் "நல்லா இருக்கேன்" என்பேன். உடனே பக்கத்திலிருந்து, "முந்தாநாளு முழுக்க இவளுக்குக் காய்ச்சலுய்யா" என்று மாமியின் குரல் வரும். 'நல்லா இருக்கேன்' என்று நான் சொல்வதை நம்பாத ஒரு ஆள் என் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தப் போனுக்குள் உப்பு போனது என் அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றுகிறது.