எட்டு வரிசை ஷார்டனே

வலக்கையில் சிறு கத்தரி. இடக்கை குலைக்கு அடியில் விரிந்திருக்கிறது. காம்பு துண்டானதும் குலை அந்தக் கைக்குள் விழுகிறது. கூடைக்குப் போகுமுன் ஒரு திருப்பு. பெருவிரல் நெருக்கமான பழங்களை மெல்ல விலக்கி, உள்ளே அழுகலின் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பார்க்கிறது. இல்லை. அடுத்த குலையிலும் இல்லை. காலை ஏழரை மணியிலிருந்து இந்தக் கைகள் இதையே செய்கின்றன.

ரதிதேவிக்கு ஐம்பத்துமூன்று வயது. ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்டிலிருந்து வெளியே குமேயுவுக்கு, யோசிப் குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு, பதினொரு ஆண்டுகளாக வேலைக்கு வருகிறார். கொடி வெட்ட யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. முதல் குளிர்காலத்தில் தாம் வெட்டிய கொடிகளில் நூல் கட்டி வைத்து, கோடையில் அவை எப்படிக் காய்த்தன என்று போய்ப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

சென்ற ஆண்டு யோசிப்பிடம் எட்டு வரிசை ஷார்டனே திராட்சையைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார். களைக்கொல்லி வேண்டாம், குலை அழுகலுக்கு அடிக்கும் மருந்தும் வேண்டாம். ஆக்லாந்தின் ஈரக் காற்றில் அது நடக்குமா என்று யோசிப் நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு ஒத்துக்கொண்டார். குலைகள் சுத்தமாக வந்தால் அடுத்த ஆண்டு தோட்டத்தின் சரிவு முழுவதும் அப்படியே. அழுகினால் மருந்து வண்டி திரும்பி வரும். இந்தப் பேச்சையே பிறகு எடுக்கக் கூடாது.

அங்கேதான் ரதிதேவி யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். வரிசைகளுக்கு நடுவே தாம் விதைத்த அவரையைப் பூக்கும்போது வெட்டி, புகையிலைத் தோட்டத்தில் இலைதழையை உரமாகக் குழை தாழ்ப்பதுபோல், ஒவ்வொரு கொடியின் அடியிலும் கைநிறையப் புதைத்தார். ஷார்டனேக்கு அவ்வளவு சாப்பாடு ஆகாது. அங்கே வசந்தம் முடியும் நவம்பரில் கொடிகள் கம்பிகளைத் தாண்டிப் பாய்ந்தன. இலைக்கு மேல் இலை. காற்றுப் புகாத குலை அழுகும் என்பது அவருக்குத் தெரியும்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து கூட வேலை செய்யும் மரகதம்தான் முதலில் சிரித்தார்.

“என்னக்கா, தோட்டம் போட்டீங்களா, காடு போட்டீங்களா? உள்ள ஒரு ஆட்ட விட்டா திரும்பி வராது!”

“சிரி, நல்லாச் சிரி. கூடிப்போச்சு, எனக்கும் விளங்குது. வா பிள்ளை, இலை கிள்ளுவம்.”

“எட்டு வரிசையுமா? கையாலயா?”

“ஓம். காலமை வெயில் படுற பக்கம் மட்டும். பின்னேர வெயில் பட்டாப் பழம் வெந்துபோம்.”

“சாப்பாடு போட்டதும் நீங்க, இப்ப பட்டினி போடுறதும் நீங்க!”

பன்னிரண்டு நாள் கிள்ளினார்கள். நடுவிலிருந்த புல்லை ரதிதேவி வெட்டாமல் விட்டார். மண்ணில் மிஞ்சிய உரத்தை அது குடிக்கட்டும் என்று. பெப்ரவரியில் நான்கு நாள் விடாத மழை. விட்ட அன்று காலையில் வரிசை வரிசையாகக் குனிந்து நடந்தார். இலை கிள்ளிய பக்கமாகக் காற்று நுழைந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் குலைகள் உலர்ந்துவிட்டன. அன்று அவர் ஓடியே வந்து மரகதத்திடம் சொன்னார்.

இன்று அறுவடை.

“அக்கா, ஒரு மணிக்கு மழைன்னு போன்ல போட்டிருக்கான். மேற்க பாருங்க, கறுத்துருச்சு.”

“கதைக்காதை, வெட்டு! இன்னும் ஒண்டரை வரிசை கிடக்கு.”

“நான் பேசிக்கிட்டேதான் வெட்டுவேன். வாய் நின்னா கையும் நின்னுரும்.”

கத்தரிகள் ஓயவில்லை. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கொடி காலியானது. ரதிதேவி கடைசிக் கூடையைத் தாமே தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு விரைந்தார்.

யோசிப் மேசையில் குலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கழிவு வாளியை ரதிதேவி எட்டிப் பார்த்தார். வாளியின் அடிகூட மூடவில்லை. யோசிப் இருப்பதிலேயே இறுக்கமான குலையை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். முகர்ந்தார். ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, சரிவு முழுவதற்கும் எத்தனை மூட்டை அவரை விதை வேண்டும் என்று கேட்டார்.

“வரிசைக்கு இந்த முறை போட்டதில பாதி போதும்,” என்றார் ரதிதேவி, முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். பின்னால் மரகதம் விழுந்து விழுந்து சிரித்தார்.

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. ரதிதேவி கூடையை நீட்டினார். யோசிப் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.