மிச்ச டேப்பில் ஒரு பாட்டு

பென்னாகரத்தில் நான் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியனாக இருந்தேன். சளி, ரத்தம், மூத்திரம், மைக்ராஸ்கோப்பு, இவற்றோடுதான் பகல் போகும். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் என்றாலே நர்ஸ்தான். "நர்ஸம்மா, ஊசி போடுவீங்களா?" என்று கேட்பார்கள். "போட மாட்டேன், குத்தி எடுக்க மட்டும்தான் செய்வேன்" என்பேன். என் நகைச்சுவைக்கு அந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை.

எண்பதுகளின் பிற்பாதி அது. தூத்துக்குடிக்காரிக்குத் தர்மபுரி ஜில்லாவில் வேலை போட்டவர் யாரென்று தெரிந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். கடல் இல்லை, மீன் இல்லை, உப்புக் காற்று இல்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஊர்க்காரர்களின் மரியாதையைத்தான் பொறுக்க முடியவில்லை. "சாப்ட்டீங்களா?", "வூட்டுக்குப் போறீங்களா?", "ஊர்ல எல்லாம் சௌக்கியங்களா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மரியாதையாக விலகிப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் என்னை யாரும் வாங்க போங்க என்று கூப்பிட்டதே கிடையாது. தெருவே "ஏட்டி" என்றுதான் கூப்பிடும். இங்கே என்னை ஏட்டி என்று அழைக்கத் தாலுகா முழுக்கத் தேடினாலும் ஆளில்லை. சாயங்காலம் மாடி அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இருமுவேன்.

அந்த அறையில் எனக்குத் துணை, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். கப்பலில் வேலை பார்த்த அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. கூடவே ஒரு வெளிநாட்டு கேசட்டும் கொடுத்தான். "யாரு பாட்டு?" என்று கேட்டேன். "தெரியாது, அட்டை நல்லா இருந்துச்சுன்னு வாங்குனேன்" என்றான். அட்டையில் பனிமூட்டம் மாதிரி ஒரு நீலம். முகம்கூட இல்லை. உள்ளே மடித்து வைத்த தாளில் பாட்டுகளின் பெயரும் வருஷமும் இருந்தன. அந்தக் குழு பாட ஆரம்பித்த காலத்திலிருந்து அன்றுவரை பாடியவற்றில் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு என்று அதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

முதல் தடவை கேட்டபோது என் செட்டு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கிடார் ஒலி ஒரு இடத்தில் நிற்காமல் எங்கெங்கோ சிதறிப் போகிறது. அதன் நடுவே ஒரு பெண். பெரிய பாத்ரூமில் நின்று பாடுகிறவள் மாதிரி, குரலும் அதன் எதிரொலியும் பிரித்தறிய முடியாமல் கலந்து வந்தன. ஒரு வார்த்தை புரியவில்லை. என் ஆங்கிலத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பல தடவை கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவள் வார்த்தை என்று எதையுமே பாடவில்லை. வாயில் வந்த ஒலியைப் பாடிக்கொண்டு போகிறாள்.

கேட்கக் கேட்க எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆரம்பத்துப் பாட்டுகளில் அவள் சின்னப் பெண். டிரம்ஸ் தகர டப்பா மாதிரி ஒலிக்க, யாரோ வந்து கதவைத் தட்டி நிறுத்தச் சொல்வதற்குள் பாடி முடித்துவிட வேண்டும் என்பது போல அவசரப்படுவாள். டேப்பைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் அந்த அவசரம் போயிருக்கும். மெதுவாக, யாருக்காகவும் இல்லாமல், தன்பாட்டுக்குப் பாடுவாள். கடைசிப் பாட்டுக்கு வரும்போது அவளுக்கு என்னைவிட வயது கூடிவிடும். ஒருத்தி வளர்ந்து ஆளான அத்தனை வருஷமும் ஒரே கேசட்டுக்குள் இருந்தது. என் பென்னாகரத்து வருஷங்களை யாராவது தொகுத்தால் என்ன தேறும் என்று யோசிப்பேன். ஸ்லைடு கழுவும் சத்தமும் நாலு இருமலும்தான் தேறும்.

கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஒருநாள் போட்டுக் காட்டினேன். மரியாதைக்காகப் பாதிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "பேய் படத்துல வர்றாப்பல இருக்குதுங்க. தனியா இருக்கறவங்க இதையெல்லாம் கேக்காதீங்க" என்று எழுந்து போனார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டரிடம் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்ன பாஷைங்க?" என்றார். "இங்கிலீஷ்." "அப்புறம் ஏங்க எனக்குப் புரியல?" அவர் எம்.ஏ. இங்கிலீஷ் தபாலில் படித்துக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. இந்த ஜில்லாவில் இவளைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்துகொண்டேன். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது, நிறைய வருத்தமும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் டேப் சிக்கிக்கொண்டது. பென்சிலைவிட்டுச் சுற்றி எப்படியோ மீட்டேன். ஆனால் பயம் வந்துவிட்டது. இது அறுந்தால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடைக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் வெற்று கேசட்டைக் கொடுத்து வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் கடைக்காரர் பதிந்து கொடுப்பார். பாட்டுகள் டேப்பின் அளவுக்குக் கச்சிதமாக அமையாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒன்றோ இரண்டோ நிமிஷம் மிஞ்சும். அதைச் சும்மா விட்டால் வாடிக்கையாளர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். அதனால் கடைக்காரரே தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். டேப் எங்கே தீர்கிறதோ அங்கே பாட்டும் பாதியில் அறுந்துவிடும். எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்.

நான் போனபோது அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு நடிகரின் ரசிகர், தன் கேசட்டின் மிச்சத்தில் எதிராளி நடிகரின் பாட்டைப் போட்டுவிட்டதாகக் குதித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பாய்க்கு என் வயதுதான் இருக்கும், வாய் ஓயாத ஆள். அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு என்னிடம் புலம்பினார்.

"பாருங்க சிஸ்டர், மிச்சத்துல முருகன் பாட்டுப் போட்டா சர்ச்சுக்காரங்க கோச்சுக்கறாங்க. நம்ம நாகூர் பாட்டுப் போட்டா ரெண்டு பேரும் கோச்சுக்கறாங்க. கன்னடம் போட்டா ஏன் கன்னடம்னு கேக்கறாங்க, தெலுங்கு போட்டா ஏன் தெலுங்குங்கறாங்க. நான் எதத்தான் போடறது?"

என் கேசட்டைக் கொடுத்தேன். போட்டுக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது யார் பாட்டுங்க?"

"யாருக்கும் தெரியாத பாட்டு பாய். எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஹீரோ இல்ல, சாமி இல்ல, பாஷையும் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நானும் ஒரு காப்பி வெச்சுக்கட்டுங்களா சிஸ்டர்? மிச்சத்துக்கு ஆவும்."

"தாராளமா வெச்சுக்கோங்க. யார் கேக்கப் போறா?" என்றேன். என் எரிச்சலை அவர் கவனிக்கவில்லை. நானும் அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை.

பிரதி வந்தது. தனிமை அப்படியேதான் இருந்தது. அடுத்த தை வந்தபோது என்னால் முடியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், திரும்பிப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டுச் சாமான்களோடு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "கவர்மெண்ட் வேலைய எவளாச்சும் விடுவாளாட்டி? அங்க என்ன கொறை ஒனக்கு?" என்றாள் அம்மா. பேச ஆளில்லை என்பதை ஒரு குறையாக எப்படிச் சொல்வது? சொன்னேன். "பேசுறதுக்கா சம்பளம் தாராங்க?" என்று கேட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

சேலத்தில் தர்மபுரி பஸ் ஏறும்போது மத்தியானம். தனியார் பஸ், அதனால் பாட்டு உண்டு. என் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, மார்க்கெட்டில் காய் விற்றுவிட்டுக் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சினிமாப் பாட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, ராஜினாமாவில் என்ன காரணம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதலாம். எனக்குச் சொந்தமென்று அங்கே வேறு என்ன இருந்தது?

தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்று நின்று ஊர்ந்தன. பஸ்ஸும் முக்கிக்கொண்டு பின்னால் ஏறியது. சினிமாப் பாட்டு ஒன்று முடிந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவள் பாடினாள்.

இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு. என் அறையில், என் செட்டில், எனக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தவள் தொப்பூர் மலையில் பஸ் முழுக்கப் பாடினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒருவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் சரியான தாளம். பாய் சொன்ன 'மிச்சத்துக்கு ஆவும்' அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்தேன். கண்ணீர் கொட்டியது, அடக்கத் தெரியவில்லை.

"ஏங் கண்ணு அழுவுற?" என்றார் கூடைக்கார அம்மா.

அந்த ஜில்லாவில் என்னை ஒருமையில் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

"இந்தப் பாட்டு என்கிட்ட இருக்கும்மா" என்றேன்.

"எல்லார்கிட்டயும்தான் இருக்குது. எங்கூட்டுக்காரரு டேப்புல கடைசியா இந்தப் பொண்ணுதான் பாடும். டீக்கடையில பாடும். கார்த்திகையில எங்க பங்காளி வூட்டுக் கல்யாணத்துல மைக் செட்டுல பாடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, பாட்டைக் கேட்டார். "பாவம், தனியா எங்கியோ மாட்டிக்கிட்ட பொண்ணாட்டம் இருக்குது. பேச ஆளில்ல போல."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குரல் மேலே ஏறும் இடம் வந்தது. அங்கேதான் அவள் மூச்சைப் பிடித்து ஒரு நீண்ட ஒலியைத் தூக்குவாள், அது எனக்கு உயிர். சரியாக அந்த இடத்தில் டேப் தீர்ந்து, பாட்டு டக்கென்று அறுந்தது. டிரைவர் ஒரு கையால் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டார்.

"பாத்தியா, எப்பவும் இப்பிடித்தான்" என்றார் அந்த அம்மா. "எல்லா டேப்புலயும் பாதியிலயே நின்னு போயிருது. எங்கூட்டுதுல இன்னும் முன்னாடியே நின்னுரும். அந்தப் பொண்ணு அப்புறம் என்னாச்சோன்னு இருக்கும் எனக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கிட்டதான் இருக்குதுன்னியே, முழுசா இருக்குதா?"

"இருக்கு."

"எப்பிடி முடியும்?"

அதை எப்படிச் சொல்வது? சொல்ல அதில் வார்த்தையே இல்லையே. "பாடித்தான் காட்டணும்" என்றேன்.

"பாடு கண்ணு."

நான் பள்ளிக்கூடத்துப் பிரேயரில்கூட வாயசைத்துவிட்டு நின்றவள். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கூடைகளின் மேல் குனிந்து, அவர் காதோரம், அறுந்த இடத்திலிருந்து பாடினேன். மேலே ஏறும் இடத்தில் என் குரல் உடைந்தது. அவர் கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி தணியும். அதையும் பாடினேன். முடிந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

நல்லம்பள்ளியில் அவர் இறங்க வேண்டும். கூடைகளைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு படியில் நின்றவர், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல, நல்லபடியாத்தான் முடியுது" என்றார்.

பஸ் நகர்ந்தது. அவரை நான் பிறகு பார்க்கவே இல்லை. பென்னாகரத்துக்குப் போய் அறையைத் திறந்தபோது அது முன்பு போலவே காலியாகத்தான் இருந்தது. ராஜினாமா எழுதவில்லை. தாளை எடுக்காமல், டேப்பை இரண்டாம் பக்கம் திருப்பிப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தேன்.