பாலத்திலிருந்து எறிந்த கல்

கல்லடிப் பழைய பாலத்தில் நின்று மச்சாள் எறியும் கல் மேலே ஏறி, உச்சியில் சற்றுத் தயங்கி, பிறகு வளைந்து வாவிக்குள் விழும். மச்சாள் என் மாமாவின் மகள்; பெண்கள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்குப் படித்தபோது என் வகுப்புக்காரியும்கூட. எறிந்த பொருளின் பாதையைக் கணிக்கும் எறியக் கணக்கென்றால் நான் ஒரே சமன்பாட்டில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடித்துவிட்டுப் பேனையை மூடிவிடுவேன். அவளோ உச்சிவரை ஒரு கணக்கு, உச்சியிலிருந்து தண்ணீர்வரை இன்னொரு கணக்கு என்று பிரித்துப் பிரித்துச் செய்துகொண்டிருப்பாள். "சோதினையில மேல நிண்டு காத்து வாங்க நேரமில்ல பிள்ள" என்பார் டியூசன் சேர். வகுப்பே சிரிக்கும். "உச்சியக் காணாம எனக்குக் கீழ இறங்கேலா சேர்" என்பாள் அவள். அப்படியொரு பிடிவாதம்!

அந்த நிதானத்தால் வினாத்தாளை முடிக்க முடியாமல் இரண்டு தடவை கோட்டை விட்டாள். நான் பாஸாகிக் கம்பஸ் படிக்கப் போய்விட்டேன். மூன்றாந்தரம்தான் கடைசி வாய்ப்பு. மாமா கட்டாரில் வேலை செய்யும் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்துக்கொண்டு, "இந்த முறையும் சரிவராட்டி கலியாணம்தான், வேற கதையில்ல" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் அவளுக்குப் பொறியியல் படிக்க வேண்டும். வேறொன்றிலும் மனம் இல்லை.

மாரி காலத்தில் விடுமுறைக்கு வந்த நான், எப்படியாவது அவளை என் வழிக்குத் திருப்பிவிட வேண்டுமென்று கங்கணம் கட்டிக்கொண்டு அவளைப் பாலத்துக்கு இழுத்துப் போனேன். முந்தின கிழமை, வாவி வெள்ளத்தில் நிறைந்து கிடந்தபோது, தூண்டில் நூலில் ஈயம் கட்டிப் பாலத்தின் உயரத்தை அளந்து வைத்திருந்தோம். அவள் எறிய, நான் போனில் வீடியோப் படமெடுத்தேன். கல் உச்சிக்குப் போன நேரத்தைப் படத்தில் பார்த்து, அது தண்ணீரைத் தொடும் நேரத்தை ஆளுக்கொரு விதமாகக் கணித்தோம். இருவருக்கும் ஒரே விடை. ஆனால் படத்தில் கல் அதைவிடப் பிந்தித்தான் விழுந்தது. திரும்ப எறிந்தோம், திரும்பப் பிழைத்தது. எனக்குப் பொல்லாத கோபம். என் சமன்பாட்டை எத்தனை முறை உருட்டிப் பார்த்தும் பிழை எங்கே என்று பிடிபடவில்லை.

அவள் அவசரப்படவில்லை. "மேல போனது சரி கா. கீழ வந்த பாதியிலதான் பிழை" என்று பாலத்துத் தூணை எட்டிப் பார்த்தாள். தூணில் ஈரக்கறை ஒரு முழத்துக்கு மேல் தெரிந்தது. "முகத்துவாரத்து மண் திட்ட வெட்டி வெள்ளத்தக் கடலுக்கு விட்டுட்டாங்கல்லோ. தண்ணி இறங்கிட்டு மச்சாள், நாம பழைய உயரத்த வெச்சுக் கணக்குப் பாக்கம்!" எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அதன்பிறகு அவளுடைய வழியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சோதினை முடிந்து வந்தவள், கடைசிக் கேள்வியைத் தொடவே நேரமில்லை என்று அழுதாள். ஆனால் எழுதிய அத்தனையும் சரியாக இருந்திருக்க வேண்டும். பெறுபேறு வந்த அன்று, மாமா கட்டாருக்குத் தானே கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு என் பெறுபேற்றுக்குக்கூட அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

போன மாதம் இருவரும் அதே பாலத்தில் நின்றோம். இப்போது அவள் பொறியியலாளர். என் வாய் சும்மா இருக்குமா? "சரி, இனிக் கலியாணம் எப்ப?" என்று கேட்டேன். அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள்.

"பொறு மச்சாள், இன்னும் உச்சிக்கே போகல்ல" என்றாள்.