பட்டறையில் ஒழுகாத எண்ணெய்

எண்ணெய் ஊறிய செய்தித்தாள் ஒன்றைத் தேவசகாயம் சார் எங்கள் பட்டறை மேசையில் விரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எண்ணெய்க் கசிவை நிறுத்த அவருடைய காரின் எட்டு புஷ்ராட் டியூப்களையும் முந்தைய வாரம்தான் மாற்றியிருந்தோம்.

அறுபதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் மெக்கானிக். சார் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தன் நாட்டுக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் அந்த ஜெர்மன் காரை வாங்கியிருந்தார். இஞ்சின் பின்பக்கம், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறும். இஞ்சினுக்கு அடியில் பக்கத்துக்கு நான்காக மெல்லிய தகர டியூப்கள். வால்வைத் தள்ளும் கம்பி அவற்றுக்குள் ஓடும். வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்குப் போன எண்ணெயும் அவற்றின் வழியாகத்தான் இஞ்சினுக்குத் திரும்ப இறங்கும். புதியவை கிடைக்காததால் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் பழையவற்றைத் தேடிப் பிடித்து, இஞ்சினை இறக்கி, ஹெட்டுகளைக் கழற்றி, புது ரப்பர் சீல் வைத்து மாட்டியிருந்தோம்.

"வீட்டுக்காரம்மா கடைசியா சொல்லிட்டாங்கப்பா. இன்னொரு சொட்டு தரையில விழுந்தா வீட்டைக் காலி பண்ணணுமாம். கைக்குழந்தையை வெச்சிக்கிட்டு எங்க போவேன்?" என்றார் சார்.

பட்டறை முதலாளி தாளை முகர்ந்தார். "வடை வெச்ச பேப்பரை மாத்தி எடுத்தாந்துட்டியா சார்?"

சார் சிரிக்கவில்லை.

காரைப் பட்டறையில் நிறுத்தி அடியில் தாள் விரித்தோம். காலையில் ஒரு சொட்டுகூட இல்லை. வீட்டுக்கு அனுப்பினோம், மறுநாள் நனைந்த தாள் வந்தது. திரும்பவும் வரவழைத்து நிறுத்தினோம். தாள் காய்ந்தே இருந்தது.

"அந்தம்மாவே ஊத்தறாங்களா இன்னா?" என்றார் முதலாளி. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாரின் வீட்டுக்கே போனேன்.

கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வலச் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில். இடச் சக்கரங்கள் தரையைத் தாண்டித் தாழ்ந்த மண்ணில்.

"ஏன் சார் இப்படி நிறுத்துறீங்க?"

பதில் வீட்டுக்காரம்மாவிடமிருந்து வந்தது. "நாலு குடித்தனம் கொடத்தைத் தூக்கிகினு போவணும். வழியை அடைச்சிகினு நிறுத்துனா, தண்ணியை ஆரு கொண்டாருவாங்க, நீயா?"

பட்டறைக்குத் திரும்பியதும் காரை வரவழைத்து, வலப்பக்கத்தை ஜாக்கி வைத்து அதே அளவு தூக்கி நிறுத்தினேன். காலையில் இடப்பக்க டியூப் ஒன்றின் அடியில் எண்ணெய் கோத்து நின்றது. தகரத்தைச் சுருட்டி ஒட்டிய தையல் ஒன்று டியூபின் நீளவாக்கில் உண்டு. அந்த ஒன்றில் மட்டும் தையல் கீழே பார்த்திருந்தது. சமதளத்தில் எண்ணெய் தங்காமல் இறங்கிவிடுகிறது. சாய்ந்தால் டியூபிலேயே தேங்கித் தையல் வழியே கசிகிறது. லாரி இஞ்சினிலேயே பழகிய எங்களில் யாருக்கும் தையலைப் பார்த்து மாட்டத் தோன்றவில்லை.

மறுபடி இஞ்சினை இறக்கினோம். அந்த டியூபை மாற்றி, எட்டிலும் தையல் மேலே பார்க்கும்படி வைத்தோம்.

அதன் பிறகு எந்த வண்டி வந்தாலும், அது வீட்டில் எப்படி நிற்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

காரை அனுப்பிய மறுநாள் சார் கொண்டுவந்த தாள் மொடமொடவென்று இருந்தது. "வீட்டுக்காரம்மாவே குனிஞ்சு பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல" என்றார். முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்க் கடையிலிருந்து வடை வரவழைத்து, அதிலேயே வைத்து எங்களுக்குக் கொடுத்தார்.