மாமாவும் குறுக்கே போன பூனைகளும்

மாமி இறந்த பிறகு, என் கணவரின் அப்பாவான மாமாவைக் கொட்டாஞ்சேனையில் தனியாக விட முடியாது என்று முடிவாயிற்று. மாமாவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் ஒரு சாய்வு நாற்காலியோடு வந்து சேர்ந்தார்.

என் கணவருடையது, இந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் பாத்திரக்கடை நடத்திய குடும்பம். நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மகள். எங்கள் கல்யாணத்தில் ஒரு பக்கத்தார் பேசிய தமிழை மறுபக்கத்தார் பிழையென்று நினைத்தார்கள். அதைத் தவிரப் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை.

மாமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி அவசரமில்லாமல் குடிப்பார். அரை மணித்தியாலம் கழிந்த பிறகுதான் மறுபடி எழுந்திருப்பார். வெள்ளவத்தையில் மீன் விற்கும் இடங்கள் அதிகம், அதனால் பூனைகளும் அதிகம். மாமா எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய் நான் கண்டதில்லை.

நான் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். சிறுகதைகளும் எழுதுவேன். ஒரு தொகுதி வந்திருக்கிறது. அதன் விற்காத பிரதிகள் பல்கனிக் கதவோரம் காட்போட் பெட்டிகளில் இருந்தன. அந்தத் தொகுதியில் ஒரு கதையில், தனியாக இருக்கும் பெண் சமையலறையில் ஒரு பூனையோடு கதைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கதைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கணவனை முதற்பக்கத்திலேயே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆகவே பூனையை வைத்தேன். விமர்சனம் எழுதிய ஒருவர் அந்தப் பூனை பெண்ணின் விடுதலை வேட்கை என்றார். இன்னொருவர் அது புலம்பெயர்ந்த சமூகம் என்றார். இருவருக்கும் நன்றி சொன்னேன்.

இந்தக் கதையின் காரணமாகத்தான் எங்கள் இலக்கிய வட்டத்தின் செயலாளர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். மாதக் கூட்டத்தில் நவீன கவிதை பற்றிப் பேச இருந்தவர் பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குப் போய்விட்டாராம்.

“நீங்கள் ஒரு அரை மணித்தியாலம் கதைச்சாப் போதும். உங்கட கதையில பூனை வருதுதானே. இலக்கியத்தில் பூனை எண்டு வைப்பம்.”

“பூனை மட்டும் அரை மணித்தியாலத்துக்குக் காணாது ஐயா.”

“அப்ப நாயையும் சேருங்கோ” என்றார் செயலாளர்.

நான் வாழ்நாளில் பூனையும் வளர்த்ததில்லை, நாயும் வளர்த்ததில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இலக்கியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன், மிருகங்களைப் பற்றி அல்ல என்று தைரியம்.

அந்த வாரமே பல்கனி வழியாக ஒரு பூனை வந்து, திறந்து கிடந்த புத்தகப் பெட்டிக்குள் மூன்று குட்டிகள் போட்டது. என் கதைத் தொகுதி ஒரு காரியத்துக்கு உதவியதைப் பார்த்து என் கணவர் மகிழ்ச்சி தெரிவித்தார். நான் ஒரு பழைய துணியை உள்ளே விரித்துவிட்டேன்.

சங்கடம் மாமாவுக்குத்தான். தாய்ப்பூனை பெட்டியிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து பல்கனிக்கும் நாள் முழுக்க நடந்தது. வாசலுக்கு அதன் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமா பின்னேரங்களில் ரயில் பாதையைக் கடந்து கடலோரம் நடப்பவர். இப்போது செருப்பை மாட்டுவார், பூனை போகும், உட்காருவார், தண்ணீர் குடிப்பார், எழும்புவார், பூனை திரும்பி வரும். சூரியன் கடலில் விழுந்து முடியும்வரை அவர் ஹோலிலேயே இருந்த நாட்கள் உண்டு. இவ்வளவு தண்ணீர் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது மாமாவின் வலது கண்ணில் வெண்படலம் நன்றாக முற்றியிருந்தது. பொரளைப் பக்கம் ஒரு கண் கிளினிக்கில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்று காலை ஓட்டோ கீழே வந்து நின்றது. என் கணவர் பைலைக் கையில் எடுத்துக்கொண்டார். மாமா வாசலை நெருங்கினார். பூனை ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அவருக்குக் குறுக்கே நடந்து அவருடைய அறைக்குள் போயிற்று.

மாமா திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

“மாமா, ஓட்டோ வந்திட்டுது. ஏன் இருந்திட்டீங்கள்?”

“பூனை போச்சும்மா.”

“அது எங்கட வீட்டுப் பூனைதானே.”

“எப்ப இருந்து?”

“எங்கட வீட்டில பிள்ளை பெத்தா எங்கட பூனைதான் மாமா.”

அவர் அதை யோசித்துப் பார்த்தார். “வாயில குட்டி இருந்துச்சு” என்றார் பிறகு. “அப்பன்னா ஒரு பூனை குறுக்க போனதா கணக்கா, ரெண்டு பூனை போனதா கணக்கா?”

என் கணவர் கணக்காளர். “ரெண்டுதான் அப்பா. மைனஸும் மைனஸும் பிளஸ். எழும்புங்க, போவம்” என்றார்.

மாமா தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். என் கணவர் கீழே போய், ஓட்டோக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கும்படி சிங்களத்தில் சொன்னார். என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமாவின் நம்பருக்கு முன்னால் இன்னும் பலர் காத்திருந்தார்கள். மாமா எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பூனை மூன்று குட்டிகளையும் மாமாவின் அலுமாரிக்குள், மடித்து வைத்த வேட்டிகளுக்கு மேல் குடியேற்றியிருந்தது. புத்தகப் பெட்டி காலியாகிவிட்டது. அலுமாரிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது மாமாதான், ஆகவே யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் கண்கட்டை அவிழ்த்த பிறகு மாமா நெடுநேரம் அந்தப் பூனையைப் பார்த்தார்.

“இது கறுப்பு இல்லையா?”

“இல்லை மாமா. மண்ணிறம். கோடு கோடா இருக்குது.”

“நான் இவ்வளவு நாளாக் கறுப்புன்னு நெனச்சேன்.” மறுபடி ஒரு தடவை பார்த்தார். “கறுப்புக்குத்தான் அரை மணி நேரம். இதுக்குக் கால் மணி நேரம் போதும்.”

தலையைக் குனியக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். குட்டிகள் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. அதனால் நான் கண்ணுக்குத் துளி விடும் ஒவ்வொரு தடவையும் குட்டிகளின் நிலவரத்தையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

“ஒரு குட்டி கண் திறந்திட்டுது மாமா.”

“ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?”

“ஒண்டு.”

“அதுவும் நம்ம மாதிரிதான்” என்றார்.

இதற்கிடையில் நான் என் பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத எழுத விஷயம் பெருகியது. நாய் வைரவரின் வாகனம், ஆனால் நாயைக் கோயிலுக்குள் விடமாட்டோம். பழைய பக்திப் பாடல்களில் அடியவர் தன்னை நாய் என்று தாழ்த்திச் சொல்லிக்கொள்வார். தன்னைப் பூனை என்று சொல்லிக்கொண்ட அடியவர் என் வாசிப்பில் அகப்படவில்லை. அவ்வளவு தூரம் தாழ யாரும் விரும்பவில்லையோ, அல்லது பூனை யாருக்கும் அடிமையில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்ததோ. மொழியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். கீழ்வீட்டு அம்மா தன் வெள்ளை நாயோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பார். ‘சிட்’, ‘கம்’, ‘நோட்டி போய்’. தெருநாயைக் கண்டால் அதே அம்மா ‘பலயங்’ என்று சிங்களத்தில் துரத்துவார். பூனையை மட்டும் எல்லாரும் தமிழில் ஏசுகிறோம். கடைசி இரண்டு பக்கத்தில் நாயை நன்றியின் குறியீடாகவும் பூனையைத் தன்னலத்தின் குறியீடாகவும் நிறுவி முடிப்பதாகத் திட்டம்.

கூட்டத்துக்கு மாமாவும் வந்தார். என் கணவருக்கு அன்று வேலை இருந்தது, மாமாவைத் தனியே விட எனக்கு மனமில்லை. வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும், இந்தியாவிலிருந்து வந்த எழுத்தாளர் என்று நினைத்தோ என்னவோ, ஒருவர் எழுந்து முன்வரிசையில் இடம் கொடுத்தார். மாமா வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்.

நான் பேசினேன். பக்திப் பாடலுக்குச் சிலர் தலையாட்டினார்கள். கீழ்வீட்டு நாயின் ஆங்கிலத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். நாயின் நன்றியைத் தொடங்கிச் சில வரிகள்தான் சொல்லியிருப்பேன், முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“ஒரு விஷயம் சொல்லலாமா?”

கேள்வி நேரம் பிறகுதான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். செயலாளர் முந்திக்கொண்டார். “சொல்லுங்கோ ஐயா, சொல்லுங்கோ.”

மாமா எழுந்து நின்றார். “எங்களுக்குப் புறக்கோட்டையில பாத்திரக்கடை இருந்துச்சு. கடைக்குள்ள ஒரு பூனை. வாசல்ல ஒரு நாய். ரெண்டுக்கும் நாங்கதான் சோறு. கலவரத்துல கடைய எரிச்சுட்டாங்க. நாங்க கொட்டாஞ்சேனையில ஒரு ஸ்கூல்ல சனத்தோட சனமா இருந்தோம். கொஞ்ச நாள் கழிச்சுக் கடையப் பாக்கப் போனேன். அலுமினியம் எல்லாம் உருகி ஒரே கட்டியா கெடந்துச்சு. நாய் எதிர் வரிசையில இன்னொரு கடை வாசல்ல படுத்திருந்துச்சு. என்னப் பாத்துக் குரைச்சுச்சு. பூனை எங்க கடைப் படியில இருந்துச்சு. படியே கரியா இருந்துச்சு. அதுல உக்காந்திருந்துச்சு.”

செயலாளர் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். “அப்ப ஐயா சொல்லுறது, பூனைதான் உண்மையில நன்றியுள்ள பிராணி எண்டு?”

“இல்லைங்க. எரிஞ்ச கடையில எலி ஜாஸ்தி. அதுக்காக இருந்துச்சு.”

“அப்ப நாய்?”

“நாய்க்குப் பசி. எதிர்க் கடையில சோறு போட்டாங்க. அதத் தப்புன்னு சொல்ல முடியுமா?”

மாமா உட்கார்ந்தார். அவர் சொல்லி முடித்துவிட்டாரா இல்லையா என்று தெரியாததால் யாரும் கைதட்டவில்லை. என் கையில் இன்னும் இரண்டு பக்கங்கள் இருந்தன. அவற்றை மடித்தேன். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கூட்டம் முடிந்து காலி வீதியில் ஓட்டோவுக்காக நின்றோம். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகி இத்தனை வருடம். கடை எரிந்தது என்று ஒரு வரியில் கேள்விப்பட்டிருந்தேன். படியையும் பூனையையும் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

“மாமா, இதை ஒருநாளும் நீங்கள் சொல்லேல்லையே.”

“நீங்க யாரும் கேக்கலையேம்மா.”

“கடைப் பூனைக்குச் சோறு போட்டிருக்கிறீங்கள். பிறகேன் பூனை குறுக்க போனா மட்டும் பயப்படுறீங்கள்?”

“பயமா? பயம் இல்ல.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கலவரம் நடந்த அன்னைக்குக் காலையில நானும் அண்ணனும் கடை தொறக்கக் கிளம்புனோம். வாசல்ல பூனை போச்சு. எங்கம்மா பாத்துட்டு உக்காருங்கடான்னாங்க. நான் உக்காந்தேன். அண்ணன் நேரமாச்சுன்னு போயிட்டாரு. நான் தண்ணி குடிச்சு முடிக்கல, தெருவுல ஆளுங்க ஓடி வர்றாங்க, டவுன் பக்கம் போகாதீங்கன்னு.”

“பெரிய மாமா திரும்பி வந்தவர்தானே?”

“வந்தாரு, சில நாள் கழிச்சு. எங்க இருந்தாரு, என்னத்தப் பாத்தாருன்னு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல.”

பெரிய மாமாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் காலில் விழுந்தபோது தலையில் கை வைத்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து மருமகள் அவருக்குப் பிடிக்கவில்லை என்று என் அம்மா பிறகு என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

“கெட்ட சகுனம்னு நீங்கல்லாம் சொல்றீங்க” என்றார் மாமா. “எனக்கு அப்படித் தெரியல. அது நில்லுன்னுச்சு. நான் நின்னேன். சொல்றப்ப நிக்கணும்ல.”

குறியீடு என்றால் என்ன என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டோ வந்தது, ஏறினோம்.

குட்டிகள் வளர்ந்ததும் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றைக் கீழ்வீட்டு அம்மா வாங்கிக்கொண்டார். அவருடைய நாய் இப்போது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதாம், ‘கம்’ என்றாலும் வருவதில்லை. ஒன்றை மாமா தானே புறக்கோட்டையில் உறவுக்காரர் ஒருவரின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவதைச் செயலாளர் கேட்டு வாங்கினார். அதைப் பற்றி அவர் எழுதிய கவிதையை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம். தாய்ப்பூனை ஒரு நாள் பல்கனி வழியாக இறங்கிப் போயிற்று, பிறகு வரவில்லை. மாமா சில வாரம் அலுமாரியைத் திறந்தே வைத்திருந்தார். பிறகு வேட்டிகளை எடுத்துத் தோய்க்கப் போட்டார்.

இடது கண்ணுக்கும் நாள் கிடைத்தது. இம்முறை நாங்கள் கவனமாக இருந்தோம். அவர் உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் நேரம் விட்டு, ஓட்டோவை முன்கூட்டியே வரச் சொன்னோம். என் கணவர்கூட முகம் சுளிக்கவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசையில் தயாராக வைத்தவர் அவர்தான்.

அன்று காலை ஒரு பூனையும் வரவில்லை. ஹோலிலும் இல்லை, படிகளிலும் இல்லை, ஒழுங்கையிலும் இல்லை. கிளினிக் திறப்பதற்கு வெகு முன்னதாகப் பொரளைக்குப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கேற்றுக்கு வெளியே மூவரும் நின்றோம். மாமா வீதியின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒண்ணையும் காணோமே” என்றார், கொஞ்சம் கவலையோடு.